நீல வாளியில் வெள்ளைக் கோடு

கப்பியின் தத்துவத்தை விளக்குவதற்காகச் சோமசேகரத்தார் கயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்தபோதுதான் நீல பிளாஸ்டிக் வாளி கிணற்றுக் கட்டில் மோதி வெடித்தது. வாளி அவருடையதல்ல. அவருடைய மனைவி அருமைநாயகியின் ஒன்றுவிட்ட தங்கை அற்புதராணியுடையது. கிணறும் வீடும் அவளுடையவைதான். காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து புத்தூருக்கு வந்த கணவன் மனைவிக்கு அங்கே முன்னறையின் ஒரு மூலை கிடைத்திருந்தது. பொருளாதாரத் தடைக் காலம். புது வாளி என்பது பேச்சில் மட்டும் இருந்தது.

அற்புதராணி ஏசவில்லை. வெடிப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சாவகச்சேரியிலை பெரியண்ணை வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்காம், அக்கா" என்றாள்.

அன்று மாலையே ஒட்டும் பணி தொடங்கியது. சோமசேகரத்தார் சீமெந்துத் தொழிற்சாலையில் மாதிரிப் பைகளுக்கு இலக்கம் எழுதியவர். புத்தூரில் அவர் எஞ்சினியர். அப்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சைக்கிளில் போகும்போது போட்டிருந்த வெள்ளைத் தலைக்கவசம் சொல்லிற்று. தொழிற்சாலையில் மஞ்சள் தொழிலாளருக்கு, வெள்ளை அதிகாரிகளுக்கு. மஞ்சள் தீர்ந்துபோன ஒரு கிழமையில் அவருக்கு வெள்ளை கிடைத்தது. ஊரைவிட்டு ஓடிவந்த அன்று அருமைநாயகி அரிசிப் பானையைத் தூக்கினாள். அவர் தலைக்கவசத்தைத் தூக்கினார். யாராவது "எஞ்சினியர் ஐயா" என்றால் அதன் விளிம்பை இரண்டு விரலால் தொடுவார். வாசிகசாலைக் கூட்டத்தில் முன்வரிசைக் கதிரை அதற்குத்தான் கிடைத்தது.

சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூசன் பூசினார். காய்ந்ததும் தோலாக உரிந்தது. பலாப்பால் பூசினார், அதுவும் உரிந்தது. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு விரிவுரை இருந்தது.

"இது பொலித்தீன் வகை. மெழுகு மாதிரி. ஒரு பசையையும் கிட்ட அண்டவிடாது. தன்ரை சாதியை உருக்கி வைச்சால்தான் சேரும்."

"அப்ப இதுவும் எங்கடை ஊர்ச் சாமான்தான்" என்றாள் அற்புதராணி.

"சாதியை என்னெண்டு கண்டுபிடிக்கிறது?" என்று அருமைநாயகி கேட்டாள்.

"தண்ணியிலை மிதக்கவேணும். கொளுத்தினால் மெழுகுதிரி மணக்கவேணும்."

மறுநாள் காலை, தண்ணீர்த் தொட்டியில் வெள்ளைத் தலைக்கவசம் கிடந்தது. உள்ளே தண்ணீர் நிறைந்த பிறகும் அது தாழவில்லை.

"உது வேறை சாதி" என்றார் அவர். "கொம்பனிச் சாமான்."

"கொளுத்திப் பாப்பமே?" என்றாள் மனைவி.

அவர் அதை எடுத்து வேட்டித் தலைப்பால் துடைத்தார்.

"ராணி இண்டைக்குப் பெரியண்ணைக்குச் சொல்லி அனுப்பப்போறாளாம்" என்றாள் அருமைநாயகி. "அங்கை போய் ஆரின்ரை கிணத்திலை கப்பி படிப்பிக்கப் போறியள்?"

அடுப்பில் பழுக்கக் காய்ந்த கத்தி தலைக்கவசத்தின் விளிம்பில் இறங்கியபோது மெழுகுதிரி மணந்தது. வெட்டியெடுத்த வெள்ளைத் துண்டுகளை வெடிப்பின் இரு கரையோடும் சேர்த்து உருக்கி இழுத்தார். கை நன்றாகவே வேலை செய்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

வாளி நிறைந்து மேலே வந்தது. அற்புதராணி அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். காய்ந்தே இருந்தது.

"பரவாயில்லை, அத்தான். அந்த மிளகாய்க் கண்டுகளுக்கும் ஒருக்கா ஊத்திவிடுங்கோ. நாளைக்கும்."

விளிம்பில்லாத தலைக்கவசத்தோடு அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வேலிக்கு வெளியே ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன எஞ்சினியர் ஐயா, தோட்டமோ?" என்றார்.

சோமசேகரத்தாரின் இரண்டு விரல்களும் மேலே போயின. தொடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. விரல்கள் காற்றில் சற்று நின்றன. மற்றக் கையில் வாளி தளும்பி, வெள்ளைக் கோட்டின் மேலாகத் தண்ணீர் வழிந்தது.