பதினேழாம் எண் குழாய்

"பதினேழாம் நம்பர் ஆம்பளையா, பொம்பளையா?" என்று ஸ்ரீகாந்த் கேட்டபோது தாரிணி வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொம்பளை. ஏன்?"

அவன் லேப்டாப்பை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

மென்பொருள் நிறுவனம் அவனை வேலையைவிட்டு அனுப்பி நான்கு மாதம் ஆகியிருந்தது. முதல் இரண்டு மாதம் ஹைதராபாத் ஹப்சிகுடா வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து மெட்ரோ ரயில்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், தாரிணியின் ஆய்வுக்கூடத்தில் கணினி வேலை பார்த்த பெண் பெங்களூருக்குப் போய்விட, தலைமை விஞ்ஞானி ஜுலைகாதான் சொன்னார்: "உன் வீட்டுக்காரருக்கு ப்ரோக்ராம் எழுத வருமில்ல? பார்க்கச் சொல்லேன். அந்த வேலைக்குச் சீக்கிரம் விளம்பரமும் வருது, அப்ப போடட்டும்." மூன்று ஊர் ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து ஒரு பரம்பரை நரம்பு நோய்க்கான மரபணுவைத் தேடிக்கொண்டிருந்தன. வேலை கிடைத்தாலும் ஒரு வருட ஒப்பந்தம்தான். பழைய சம்பளத்தில் பாதிகூட வராது. ஆனால் மரபணு என்றால் என்னவென்றே தெரியாமல் தொடங்கியவன், ஆறே வாரத்தில் பாத்திரம் கழுவும்போதுகூட அதைப் பற்றியே கேட்டான். சொல்லிக்கொடுக்கப் போய் தாரிணிக்கே தன் வேலைமேல் புதிதாக ஒரு ஆசை வந்திருந்தது.

"அப்ப ஆம்பளைக்கு மட்டும் இருக்கற ஒய் குரோமோசோம் இதுல எப்படி வரும்?" என்றான் கடைசியில். "பதினெட்டுதான் ஆம்பளை, அதுல இருக்கணும், அங்க இல்ல. நான் படிச்சது ஆறு வாரம். தப்பா இருந்தாலும் இருக்கும்."

தப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. டி.என்.ஏ. மாதிரிகளைக் குழாய்களில் நிரப்பியது அவள்தான்; பதினேழும் பதினெட்டும் அவள் கையில் இடம் மாறியிருக்கின்றன. கையைக் கழுவிவிட்டு, கைபேசியில் இருந்த குறிப்பேட்டின் படத்தில் தேதியைத் தேடினாள். மார்ச் ஆறு. வேலை போன செய்தியை அலுவலக வாசலில் நின்று அவன் போனில் சொன்ன நாள். தோளில் போனை இடுக்கிக்கொண்டு, "பரவால்ல, வீட்டுக்கு வாங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்த நாள்.

தேதியை அவனும் பார்த்தான். "அன்னிக்கு நான் போன் பண்ணியிருக்கக் கூடாது."

"எனக்குப் பண்ணாம வேற யாருக்குப் பண்ணுவீங்க?"

அவன் லேப்டாப் பக்கம் திரும்பினான். "ஃபைல்ல ரெண்டு நம்பரையும் நானே மாத்திடறேன். யாருக்கும் தெரியாது."

"இந்த ரெண்டு மட்டுந்தான் மாறிச்சுன்னு யாரு சொன்னது? அன்னிக்கு இருபத்திநாலு குழாய் ஊத்தினேன்."

கழுவியும் போகாத வாழைக்காய்க் கறையோடு இருந்த அவள் விரல்களை எடுத்து, ஸ்ரீகாந்த் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டான்.

மறுநாள் அவள் சொன்னதை ஜுலைகா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். வாணியம்பாடியில் பிறந்தவர்; முப்பது வருட ஹைதராபாத் அவர் பேச்சில் ஏறியிருந்தது.

"இருபத்திநாலும் திரும்பப் பண்ணணும். மத்த ரெண்டு ஊருக்கும் நான் எழுதறேன். யார் கண்டுபிடிச்சது?"

"அவர்தான் மேடம்."

"பொண்டாட்டி தப்பை வெளிய சொல்ற ஆளா?"

"என்கிட்ட மட்டுந்தான் சொன்னார். உங்ககிட்ட சொல்றது நான்."

ஜுலைகாவுக்குச் சிரிப்பு வந்தது. "வியாழக்கிழமை இன்டர்வியூ. எல்லாரோடயும் வந்து உக்காரச் சொல்லு. நீ அந்த ரூம் பக்கமே வர நக்கோ, வரவே வேணாம்."

வியாழக்கிழமை தாரிணி முதல் குழாயிலிருந்து மறுபடி தொடங்கினாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளின் வரிசையில், காதோரம் நரைத்த ஸ்ரீகாந்த் உட்கார்ந்திருந்தான். பக்கத்துப் பெண் தெலுங்கில் ஏதோ கேட்க, குனிந்து விரல்களை மடக்கி மடக்கி விளக்கிக்கொண்டிருந்தான். அவன் பெயரைக் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை; அந்தப் பெண்தான் தோளைத் தொட்டுச் சொன்னாள். அவசரமாக எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தான். சான்றிதழ் ஃபைல் நாற்காலியிலேயே கிடந்தது. கையுறை போட்ட கையில் குழாயோடு தாரிணி பாதி எழுந்தாள். அதற்குள் அந்தப் பெண் ஃபைலை எடுத்துக்கொண்டு, "சார், சார்" என்று அவன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.