பச்சை அடித்த இடம்

புதிய மாஸ்டர் பிளானின் வரைவை நகராட்சி மண்டபத்தில் சுவர் நீளத்துக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆட்சேபம் இருந்தால் மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்கலாம், கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள சின்ன ஊர். ஊரே வந்து வரைபடத்தின் முன்னால் கழுத்தை நீட்டி நின்றது. மஞ்சள் என்றால் குடியிருப்பு, நீலம் என்றால் கடை. பரீட்சை முடிவில் நம்பர் தேடுகிறவர்களைப் போல அவரவர் மனையைத் தேடினார்கள்.

ஃபர்தீன் மனையைத் தேடவில்லை. மனைவி இருக்கும் இடத்தைத் தேடினான். ஜன்னா போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போனவள். பள்ளிவாசல் தெருக்கோடியில் உள்ள கபர்ஸ்தானில், வேப்பமரத்துக்குக் கிழக்கே அடக்கம். அந்த இடத்துக்குப் பச்சை அடித்திருந்தார்கள். பச்சையின் நடுவே ஒரு கோடு வளைந்து போனது. பூங்கா, நடைபாதை என்று எழுதியிருந்தது.

வரைபடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சுஷ்மிதா, பிளான் போடும் கம்பெனியின் ஆள்.

"இது கபர்ஸ்தான். பூங்கா இல்ல" என்றான்.

"ட்ரோன்ல எடுத்த படம் சார் இது. மதில் தெரிஞ்சுது, மரம் தெரிஞ்சுது. கல்லறை ஒண்ணும் தெரியலையே?"

"நாங்க கல்லு வைக்க மாட்டோம். மண்ணைக் குவிச்சு ஒரு செடி நடுவோம்."

"பழைய பிளான்லயும் திறந்தவெளின்னுதான் இருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க ஆளு ஒருத்தர்கூட வந்து, பச்சையாவே இருக்கட்டும், மாத்தாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரே."

"யாரு?"

"பேர் தெரியாது. வெள்ளைத் தாடி. காதுல அத்தர் பஞ்சு வெச்சிருந்தாரு. இந்த இடமே மணத்துச்சு."

காதில் அத்தர் பஞ்சோடு அரசாங்க ஆபீசுக்குப் போகிற ஆள் அந்த ஊரில் ஒருவர்தான். ஜமாத் செயலாளர் ஜெயினுலாபுதீன். ஜன்னாவின் அத்தா.

ஃபர்தீனுக்குக் கோபம் வரவில்லை. அவள் போனதிலிருந்து எதுவும் சட்டென்று வருவதில்லை. சந்தேகம் மட்டும் வந்தது. வந்தது போகவில்லை.

டீக்கடையில் மனை புரோக்கர் தாமோதரன் அதற்கு எண்ணெய் ஊற்றினான்.

"இன்னா மச்சான், பிளான் பாத்தியா? உங்க மாமனாரு கில்லாடி பா. கபர்ஸ்தான ஒட்டி அவருக்கு மனை கீது இல்ல? பார்க்கு வந்துச்சுன்னா அதோட ரேட்டு எங்க போவும்னு நெனைக்கறே?"

"உன்கிட்ட விக்கச் சொன்னாரா?"

"அதெல்லாம் தொழில் ரகசியம்." கண்ணடித்துவிட்டு டீயை உறிஞ்சினான். சொன்னாரா இல்லையா என்பது மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

அதற்குப் பிறகு மாமனார் செய்ததெல்லாம் ஃபர்தீன் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தது. கபர்ஸ்தான் மதிலுக்கு வெள்ளையடித்தார்: விற்கப் போகிறவன் வேலை. போன் வந்தால் எழுந்து வாசலுக்குப் போனார்: என்ன மறைக்கிறார்? மகள் பெயர் வந்தால் பேச்சை மாற்றினார். அது துக்கமாகவும் இருக்கலாம் என்பது அவனுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியும் உதவவில்லை.

கடைசியில் அவர் வீட்டுக்கே போனான். மாமி சைதூன் அடுப்படி வாசலில் நின்றாள்.

"பச்சையா இருக்கட்டும்னு சொன்னீங்களா மாமா?"

"சொன்னேன். அதுக்கு இன்னா இப்போ?"

"எவ்ளோக்குப் பேசினீங்க?"

ஜெயினுலாபுதீன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சவன் கேக்கற கேள்வியா இது? கபர்ஸ்தான்னு கலர் போட்டான்னா சுத்தி வூடு கட்ட அப்ரூவல் கெடையாது. தெரியுமா உனக்கு? கட்டின வூட்ட இடிக்க மாட்டான். ஆனா மாடி எழுப்ப முடியாது, விக்க முடியாது, பேங்குல வைக்க முடியாது. அதனாலதான் போன பிளான்லயே திறந்தவெளின்னு ஜமாத் எழுதிக் குடுத்துச்சு. தெருவே பொழைச்சுகினு கீது."

"ஜமாத் சொல்லியா செஞ்சீங்க?"

"பின்ன? நீயும் ஜன்னாவும் வூடு கட்டறப்போ லோன் எப்படிக் கெடைச்சுதுன்னு நெனைச்சே? உன் மூஞ்சியப் பாத்தா குடுத்தான்?"

ஜன்னா ஓடு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வீடு அது.

"இப்ப நடைபாதை போடறான் மாமா. தோண்டுவான்."

"மண்ணுக்குள்ள ஜனங்க கீறாங்கன்னு தெரிஞ்சா தோண்ட மாட்டான். ஆளப் பாத்துப் பேசிக்கலாம்."

"யாரப் பாத்து? கீறாங்கன்னுதான் நீங்க சொல்லவே இல்லையே."

"அந்தக் கோடு அவ மேலயா போவுது?" என்று கேட்டாள் சைதூன்.

அந்த ஊரில் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போகும் வழக்கமில்லை. மகளை அடக்கிய இடத்தை அவள் பார்த்ததில்லை. ஃபர்தீன் வரைபடத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். விரலால் பெரிதாக்கி, இடத்தை நகத்தால் தொட்டுக் காட்டினான். கோடு அங்கேதான் வளைந்தது.

சைதூன் போனைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "இவ்ளோ ஓரமாவா வெச்சீங்க எம் புள்ளைய" என்றாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீ எழுதிக் குடு நைனா. மாடி இல்லாட்டி நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்."

"உன்ன யாரு கேட்டா? உள்ள போ" என்றார் ஜெயினுலாபுதீன். அவள் போகவில்லை.

மறுநாள் ஃபர்தீன் ஆட்சேபத்தை எழுதிக் கொண்டுபோனான். சுஷ்மிதா படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க வீடும் அதே தெருதான் போலிருக்கு?"

"ஆமா."

"தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?"

"ஆமா."

அவன் வீடு திரும்புவதற்குள் செய்தி தெருவுக்குப் போய்விட்டது. சலாம் சொன்னால் பதில் முனகலாக வந்தது. "எவன் ஆளு இவன்? எதுக்கு இப்படித் தெருவையே மாட்டிவுடறான்?" என்று அவன் காதுபடவே ஒருவன் கேட்டான். மாமனாரைத் தான் பார்த்த பார்வையை இப்போது தெருவே தன் மேல் திருப்பியிருப்பதை ஃபர்தீன் கண்டான். அது எப்படி வேலை செய்யும் என்று அவனுக்குத் தெரியும். எதைச் செய்தாலும் அதற்குத் தீனிதான்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவில் அவனுக்கு வலப்பக்கம் ஒரு ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. வந்தவர்கள் அடுத்த வரிசைக்குப் போனார்கள். தோளோடு தோள் ஒட்டி நிற்காமல் தொழுகையைத் தொடங்குவதில்லை. இமாம் திரும்பிப் பார்த்தார். "எடவெளி வுடாதீங்க" என்றார். யாரும் அசையவில்லை.

பின்னாலிருந்து ஜெயினுலாபுதீன் வந்து அந்த இடத்தில் நின்றார். தோள் அவன் தோளில் அழுந்தியது. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

தொழுகை முடிந்து செருப்பு மாட்டும்போது கேட்டார்: "விசாரணைக்கு என்னிக்குக் கூப்புட்டுகீறான்?"

"செவ்வாக்கெழம."

"நானும் வரேன்."

எந்தப் பக்கம் பேச வருகிறார் என்று அவர் சொல்லவில்லை. ஃபர்தீன் கேட்கவும் இல்லை. வண்டியை எடுத்து, "காலையிலயே கெளம்பணும் மாமா" என்று மட்டும் சொன்னான்.