கழுகின் கெடு

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில், அந்த நர்ஸ் இரண்டு மாதம் பாடுபட்டுப் படுக்கைப்புண் பற்றி எழுதியிருந்தாள். ‘கழுகு’ என்ற பெயரில் உலவிய ஒருவன், ஆதாரம் இல்லையென்று ஒரே நொடியில் அதை நீக்கினான். கழுகு வேறு யாருமில்லை, சொந்தக் கொழுந்தன்தான் என்பது, அவன் கணினியைத் திறந்தபடி விட்டுக் குளிக்கப் போன அன்று தெரிந்தது.

அவள் பொறுத்திருந்தாள். பாலம் கட்டிய தன் மறைந்த அப்பாவைப் பற்றி அவன் பெருமையாக எழுதியதும், புனைபெயரில் ‘ஆதாரம் தேவை’ என்று குறி போட்டாள். ஏழு நாள் கெடு. தவறினால் கட்டுரை காலி.

ஏழாம் நாள் அவன் சமையலறைக்கு ஓடிவந்தான்.

“அண்ணி, அப்பா பாலம் கட்டினது பேப்பர்ல வந்துச்சே, அந்தத் துண்டு உங்ககிட்டதானே இருக்கு? எவனோ வேலையத்தவன் ஆதாரம் கேட்டு உயிரை வாங்கறான்!”

“கழுகுக்கு மூக்குலதான் வேர்க்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். உனக்கு முகமெல்லாம் வேர்க்குதே தம்பி!”

அவன் முகம் வெளுத்தது. “அண்ணி... நீங்களா?”

“எங்கே வெச்சேனோ! நாளைக்குத் தேடித் தர்றேன்.”

துண்டு கரண்டி டிராயரில் பத்திரமாக இருந்தது. கெடு முடிய இன்னும் ஒரு மணி நேரம். அவள் நிதானமாக வெங்காயம் நறுக்கத் தொடங்கினாள்.