இடுகாட்டுக்குப் போகும் வழி

மலேசியாவில் மம்பா ஊரைத் தாண்டியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் பாதியை விற்றுப் பங்களா வீடுகள் கட்டினார்கள். தொழிலாளர் லயத்தில் மிஞ்சியவர்கள் இடுகாட்டுக்குப் போகும் பாதை அந்தப் புதுக் குடியிருப்பான தாமானுக்குள் மாட்டிக்கொண்டது. தாமான் வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை பார்த்தவர் வீரமுத்து. காலமெல்லாம் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவர். அறுபதைத் தாண்டிய பிறகு அவருக்கு வேலை கொடுத்தது அந்த செக்யூரிட்டி கம்பெனி ஒன்றுதான்.

லயத்தில் அவருக்குப் பக்கத்து வீட்டுப் பஞ்சாலை இறந்துபோனாள். வீரமுத்துவின் மனைவி ராக்கம்மா பிரசவத்தில் நினைவில்லாமல் கிடந்தபோது, பிள்ளைக்குப் பால் கொடுத்தவள் அவள். வீரமுத்து லீவு கேட்டார். மாற்று ஆள் இல்லை என்றார்கள்.

மதியம் உறுமிச் சத்தம் நெருங்கி வந்தது. லாரியில் பெட்டி. பின்னால் லயமே நடந்து வந்தது.

வீரமுத்து தாமான் கமிட்டித் தலைவர் ரகுநாத்துக்குப் போன் போட்டார். சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. ரகுநாத் மரியாதையாகத்தான் பேசினார்.

“அண்ணே, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா தாமானுக்குள்ள சாவு ஊர்வலம் விடக்கூடாதுன்னு மீட்டிங்ல முடிவு பண்ணியாச்சு. பெரிய ரோட்டுல சுத்திப் போகச் சொல்லுங்க. நீங்க தொறந்துவிட்டா கம்பெனிக்குச் சொல்ல வேண்டி வரும்லா.”

வீரமுத்து தடுப்புக் கட்டைக்கு முன்னால் வந்து நின்று விஷயத்தைச் சொன்னார். உறுமி நின்றது.

கூட்டத்திலிருந்து ராக்கம்மா முன்னால் வந்தாள்.

“தொறங்க. உள்ள படுத்திருக்கிறது நம்ம பஞ்சாலை.”

“என்னால முடியாது ராக்கு.”

இளவட்டங்கள் கட்டையை உடைக்கப் பாய்ந்தார்கள். பஞ்சாலையின் மகன் புனிதன்தான் தடுத்தான். “வேணாம்டா. போலீஸ் வந்தா அம்மா ரோட்டுலயே கிடக்கும்.”

லாரி திரும்பியது. ஏற முடிந்தவர்கள் ஏறிக்கொண்டார்கள். அவ்வளவு தூரம் சுற்றி நடக்க முடியாத மற்றவர்கள் வெயிலில் லயத்துக்கே திரும்பி நடந்தார்கள். அவர்களில் ராக்கம்மாவும் ஒருத்தி. பஞ்சாலைக்கு ஒரு பிடி மண் போட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வேலை முடிந்து வந்த வீரமுத்துவுக்குச் சோறு போட்டாள். பேசவில்லை. சில நாள் கழித்துப் பேசினாள், உப்பு தீர்ந்தது, கேஸ் தீர்ந்தது என்று மட்டும்.

வீரமுத்துவைக் கருமாதிக்கு யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் போனார். நாற்காலி கொடுத்தார்கள். பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

தீபாவளிக்கு முன்பு கமிட்டிக்காரர்கள் லயத்து வீடுகளுக்கு அரிசியும் எண்ணெயும் அனுப்பினார்கள். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை வீரமுத்துவுக்கு வந்தது. முகத்தில் விட்டெறிவார்கள் என்று பயந்தார். எறிந்தால் தேவலை என்றும் இருந்தது. யாரும் எறியவில்லை. அரிசி தேவைப்பட்டது. கதவைத் திறந்து வாங்கிக்கொண்டு மூடினார்கள்.

புனிதன் மட்டும் வாசலிலேயே நின்றான்.

“அன்னைக்கு நான்…” என்று வீரமுத்து ஆரம்பித்தார்.

“தெரியும் மாமா. உங்க இடத்துல நான் இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன்.”

அதில் கோபமே இல்லை. இன்னும் சில வீடுகள் பாக்கி இருந்தன. வீரமுத்து பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.