ஒட்டாத கம்பி

பழனி அடிவாரத்தில் மயில்சாமி வீட்டாருக்குப் பித்தளைப் பாத்திரக் கடை. கடை வாசலில் கயிற்றில் ஒரு காந்தம் தொங்கும். வருகிற சரக்கையெல்லாம் அதைக் கொண்டு தொட்டுப் பார்ப்பார்கள். ஒட்டினால் மேலே முலாம், உள்ளே இரும்பு. வந்த வண்டியிலேயே சரக்கு திரும்பிப் போகும். பெண் பார்க்கப் போன இடத்தில், சட்டைப்பையில் இருந்த சின்னக் காந்தத்தை எடுத்து அவர்கள் வீட்டுக் குத்துவிளக்கில் வைத்துப் பார்த்தவன் மயில்சாமி. விளக்கு சுத்தமான பித்தளைதான். சம்பந்தம்தான் நிற்கவில்லை.

அப்பேர்ப்பட்டவன் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கொடைக்கானலில் ஓர் ஓட்டலில் சீசனுக்கு வாசிக்கும் குருநாதனின் பாண்டில் சேர்ந்தான். இரண்டு சீசனாக அவன் வாசித்த வாத்தியம் கிலுகிலுப்பை. தேங்காய்ச் சிரட்டைக்குள் கூழாங்கல். அதை இடது கையாலும் ஆட்டலாம், தூங்கிக்கொண்டும் ஆட்டலாம். இரண்டையும் அவன் செய்து பார்த்திருக்கிறான்.

1966 சீசனுக்கு முன்னால் வத்தலக்குண்டு தச்சர் ஒருவரிடம் பலா மரத்தில் ஒரு பாஸ் கிதார் செய்துகொண்டு வந்து நின்றான். குருநாதன் தடவிப் பார்த்தான். கம்பியின் அதிர்வை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பழைய பிக்கப் ஒன்று அவனிடம் இருந்தது, அதை அதில் பொருத்தியும் கொடுத்தான்.

"சனிக்கெழம சாயங்காலம் மொத டான்ஸு. அன்னைக்கு இது நல்லாப் பேசிச்சுன்னா சீசன் பூரா நீதான் பாஸு. பேசலைன்னா சிரட்டைதான். கம்பியை மட்டும் மதுரைல பாத்து வாங்கு."

உலோகம் பார்த்து வாங்க ஒரு பழனிக்காரனுக்குச் சொல்லவும் வேண்டுமா? மதுரைக் கடைக்காரர் முதலில் ஒரு சீமைப் பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளி மாதிரி மின்னிய கம்பிகள். மயில்சாமி காந்தத்தை நீட்டினான். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது.

"எலெக்ட்ரிக்குக்கு இதுதான் தம்பி" என்றார் கடைக்காரர்.

மயில்சாமி சிரித்தான். எத்தனை வியாபாரிகளைப் பார்த்திருக்கிறான். கடையிலிருந்த அத்தனை கம்பிகளையும் தொட்டுத் தொட்டுத் தள்ளி, கடைசியில் தம்புராக் கம்பிகள் இருந்த டப்பாவில் சொக்கத் தங்கம் போலப் பளபளத்த தடித்த பித்தளைக் கம்பிகள் நாலைப் பொறுக்கினான். காந்தம் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாடகைக்குச் சொல்லியிருந்த ஆம்ப்ளிஃபயர் சனிக்கிழமை காலை பஸ்ஸில்தான் வந்து இறங்கியது. மாட்டினார்கள். குருநாதனின் கிதார் கணீரென்றது. மயில்சாமி கண்ணை மூடி, தன் தடித்த கம்பியை இழுத்து விட்டான். மரம் மட்டும் 'தொம்' என்று முனகியது. ஆம்ப்ளிஃபயர் வாயே திறக்கவில்லை. குமிழை முழுக்கத் திருகினார்கள். அது லேசாக இரைந்தது.

குருநாதன் கம்பியைச் சுரண்டிப் பார்த்தான்.

"ஏலே, இது பித்தளையில்ல?"

"சுத்தப் பித்தளை. ஒட்டவே இல்ல."

"எது?"

மயில்சாமி பெருமையாகக் காந்தத்தைக் காட்டினான். குருநாதன் அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புல்தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அட கூறுகெட்டவனே, பிக்கப்புக்குள்ள கெடக்கறதே காந்தந்தாம்லே. அதுக்கு மேல இரும்பு ஆடினாத்தான் சத்தம் வரும். பித்தளைய அதுக்கு யாருன்னே தெரியாது. கடையில இருந்ததுல ஒட்டாததாப் பொறுக்கி வாங்கிட்டு வந்திருக்கியே!"

மதுரை போய்த் திரும்ப நேரமில்லை. சைக்கிள் கடையில் பிரேக் கம்பி வாங்கி மாட்டினார்கள். ஆட்டுக்குட்டி இருமுவது போலிருந்தது. வேலிக் கம்பி பெயருக்கு மட்டும் அதிர்ந்தது. மணி பன்னிரண்டு. குருநாதன் சிரட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். திட்டியிருந்தால்கூட மயில்சாமிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அப்போதுதான் அன்னக்கொடியின் பியானோ அவன் நினைவுக்கு வந்தது. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் தன் பங்களா வேலைக்காரி அன்னக்கொடிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. போன வருடம் அதை வாடகைக்குக் கேட்கப் போனபோது அதற்குள் மலைப்பூண்டு காய்ந்துகொண்டிருந்தது.

சைக்கிள் கடை ஸ்பானரோடு ஓடினான்.

"கம்பியா? வெரசா எடுத்துட்டுப் போங்க தம்பி. அது இல்லாட்டி இன்னும் ரெண்டு மூட்டை கொள்ளும்" என்றாள் அன்னக்கொடி.

பூண்டை அள்ளி வெளியே வைத்துவிட்டுக் காந்தத்தை உள்ளே நீட்டினான். மேலே செம்பு சுற்றிய கம்பிகள். ஆனால் காந்தம் பாய்ந்து ஒட்டியது. உள்ளே உருக்கு.

"மேல செம்பு, உள்ள இரும்பு. எங்க கடையில இதை வித்தா அப்பா வெட்டிப் போட்டிருவாரு" என்றான்.

"பெறகு எதுக்குச் சிரிக்கிறீங்க?"

அவன் தலையைப் பியானோவுக்குள் நுழைத்தான். கடைசி மூன்று கம்பிகள் கிதாரின் முறுக்காணித் துளையில் நுழையாத தடிமன். அவற்றை விட்டான். துருப்பிடித்ததை விட்டான். நகத்தால் தட்டி, கரகரத்ததை விட்டான். மிச்சத்தில் ஒன்றைவிட ஒன்று சற்றே மெலிந்ததாக நாலு தேறின.

சாயங்காலம் ஐந்தரைக்குத் தோட்டத்தில் ஜோடிகள் கூடின. குருநாதன் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினான். மயில்சாமி விரலை வைத்தான்.

ஆம்ப்ளிஃபயர் பேசியது. காதுக்கு வருமுன் அது உள்ளங்காலில் ஏறியது. முன்வரிசைப் பெண்மணி ஒருத்தி மூக்கைச் சுளித்து, ஓட்டலில் இன்று பூண்டு ரசமா என்று கணவரைக் கேட்டாள். ஆனாலும் ஆட எழுந்துவிட்டாள். சுவரோரம் நின்ற கணவர்கள்கூட வந்து சேர்ந்தார்கள். மயில்சாமி இரண்டு இடத்தில் தப்பு வாசித்தான். அந்தத் தப்பும் கேட்டது. அதுவே அவனுக்குப் போதுமாயிருந்தது.

இடைவேளையில் குருநாதன் அவன் பக்கம் பார்க்காமலே தன் கிதாரைத் துடைத்தான்.

"திங்கக்கெழம வெள்ளனே வந்துரு. உன் பாஸை வச்சு ரெண்டு புதுப் பாட்டு எடுக்கணும்."

"சரிண்ணே" என்றான் மயில்சாமி. பிறகு, யாரும் கேட்காமலே, அடித் தந்தியை ஒரு தடவை இழுத்து விட்டான். தட்டோடு நடந்துபோன ஓட்டல் சிப்பந்தியின் கையில் பன்னிரண்டு டீக் கோப்பைகள் ஒன்றாகக் கிணுகிணுத்தன.