ஓடிக்கொண்டிருந்த மெசின்

அன்று நாலு மணிக்கு ஹட்டன் வேதக் கோயிலில், இறந்துபோன ஷெரோமிக்கு ஒரு மாதப் பூசை. மெசின் திருத்துகிற அவளுடைய புருஷன் மிலான் காலையிலேயே நோட்டன் பிரிட்ஜ் ஊருக்கு மேலே இருக்கிற ஹோட்டலுக்கு வந்துவிட்டான். கோப்பி மெசின் நின்றுபோய்விட்டது என்று போன் வந்திருந்தது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியிருந்தார்கள். சுற்றிலும் தேயிலை, உள்ளே வெள்ளைக்காரர்களுக்குக் கோப்பி. பட்டனை அழுத்தினால் மெசின் ஒரு முறை உறுமிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டது. பிறகு சிவப்பு விளக்கு.

"முந்தாநாள்ல இருந்து இந்த மூஞ்சிதாண்ணே," என்றாள் கோப்பி போடுகிற ஷாமிலா. "கும்பிட்டும் பாத்துட்டேன், தட்டியும் பாத்துட்டேன்."

"எங்க தட்டுனீங்க?"

"தலையிலதான். எங்க வீட்டு டீவிக்கு அது போதும்."

மிலான் சிரிக்கவில்லை. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் வீட்டு விசயம் அவளுக்கும் தெரியும்.

பக்கத்து மூடியைக் கழற்றி, கோப்பித்தூளை அழுத்துகிற பெட்டியை வெளியே எடுத்தான். அதை மேலும் கீழும் நகர்த்துகிற மோட்டர் எரிந்துபோகவில்லை, இறுகியிருந்தது. பல்சக்கரங்களுக்குள் ஈரத்தூளும் பழைய கிரீஸும் சேர்ந்து கட்டியாகிக் கிடந்தன. குச்சியால் சுரண்டினான். துணியால் துடைத்தான். அச்சைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தான். வேலை பிடித்திருந்தது. இங்கே யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அடக்கத்தன்று எல்லாரும் பார்த்தார்கள். குழிக்குள் மண் விழும்போது மாமியார் மரியநாயகி சுருண்டு விழுந்தார். அவன் குடையைப் பிடித்தபடி நின்றான். ஒரு சொட்டுக் கண்ணீரும் வரவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறான் பாரு" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. இன்றைக்கும் அதே சனம் வரும். அதே கண்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் மோட்டர் இளகிவிட்டது. புதுக் கிரீஸ் பூசி, பெட்டியை மாட்டிப் பட்டனை அழுத்தினான். கொட்டை அரைபட்டது, பெட்டி ஏறி இறங்கியது, கோப்பி வழிந்தது. ஷாமிலா கை தட்டினாள்.

"சாமான் வாங்க வேன் ஹட்டனுக்குப் போகுதுண்ணே. நீங்களும் ஏறிக்குங்க. பூசைக்கு நேரத்தோட போயிரலாம்."

மிலான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியை மறுபடி கழற்றத் தொடங்கினான்.

"என்னண்ணே, அதுதான் ஓடுதே!"

"இன்னொருக்கா பாக்கணும்."

வேன் போய்விட்டது. பூசிய கிரீஸைத் துடைத்தான். திரும்பப் பூசினான். இறுக்கமாக இருந்த ஆணிகளைத் தளர்த்தித் திரும்ப இறுக்கினான். அதற்குமேல் செய்ய எதுவும் இல்லை. மூடியை மாட்டினான், சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான், மெசினுக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

போன் அடித்தது. மரியநாயகி.

"மாப்ள, எங்க இருக்கீங்க? சனமெல்லாம் வந்துருச்சு."

"இன்னும் முடியல மாமி. மோட்டர் இறுகிப் போச்சு. அசையவே மாட்டேங்குது. பாதியில விட்டுட்டு வர ஏலாது."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, வெள்ளைக்காரர் இருவர் வந்து கோப்பி கேட்க, ஷாமிலா பட்டனை அழுத்திவிட்டாள். கொட்டை கடகடவென்று அரைபட்டது. மோட்டர் ஒரு குறையும் இல்லாமல் சுற்றியது. அவள் அவனைத் திரும்பிப் பார்த்து, சட்டென்று குனிந்துகொண்டாள்.

அந்தச் சத்தம் போனுக்குள்ளும் போயிருக்கும். மிலானுக்குக் காதெல்லாம் சுட்டது.

பிறகு மரியநாயகி பேசினார், அவனிடம் அல்ல, பக்கத்தில் நின்ற யாரிடமோ. "மெசின் இன்னும் சரியாகலையாம் அண்ணே. பாவம், ஒத்த ஆளாக் கெடந்து மல்லுக்கட்டுறாரு." அடுத்தது அவனுக்கு, குரல் தணிந்திருந்தது. "மெதுவா வாங்க மாப்ள. நான் சொல்லிக்கிறேன்."

பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். பஸ் வருவதற்கே வெகுநேரமானது. ஹட்டனில் மாமியார் வீட்டை அடைந்தபோது பூசை முடிந்து, சொந்தக்காரர்கள் முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருவரும் முறைக்கவில்லை. எல்லாக் கண்ணிலும் இரக்கம். அவனுக்குத் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

ஷெரோமியின் தாய்மாமன் றோலண்ட் எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்தார். "இந்த நாள்லயும் விட மாட்டேங்கிறானுங்களே தம்பி. மெசின் சரியாச்சா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். கறிச்சட்டியோடு வந்த மரியநாயகி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சொன்னால் பொய்க்காரன் அவன் மட்டும் இல்லை.

"இப்பத்தான் சரியாச்சு மாமா," என்றான்.

"கையெல்லாம் கிரீஸா இருக்கும். போய்க் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்," என்றார் றோலண்ட்.

சுத்தமான கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி வீட்டின் பின்பக்கம் போனான். குழாயைத் திறந்தான். தண்ணீர் விரலைக் கடித்தது. சத்தம் முற்றம் வரைக்கும் கேட்கட்டும் என்று, விரலிடுக்குகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். மரியநாயகி துவாயோடு வந்து பக்கத்தில் நின்றார். அவன் தலையைத் தூக்கவில்லை.

"போதும் மாப்ள," என்றார். "எல்லாரும் முன்னுக்குத்தான் இருக்காங்க. இங்க யாரும் பாக்கல."