மேனேஜர் இறங்கி வரவில்லை

புது வீட்டுக்குக் குடிவந்த மறுநாள் காலையில் நான் செய்த முதல் நல்ல காரியம், எங்கள் இரண்டு பூனைகளையும் ஒரே சலவையில் அகதிகளாக்கியது.

வேண்டுமென்று செய்யவில்லை. நான் வாஷிங் மெஷின் மெக்கானிக். மெஷினை இடம் மாற்றினால் அதன் கால்களைத் திருகி மட்டம் பார்த்து, துணியைப் போட்டு ஒரு ஓட்டு ஓட்டிப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. கைக்கு அகப்பட்டது பூனைகளின் பழைய கம்பளி. டிரம் நிறைய வேண்டுமே என்று அவற்றின் மெத்தை உறை, சோபா விரிப்பு, மனைவியின் சால்வை எல்லாவற்றையும் திணித்தேன். லாவெண்டர் திரவத்தையும் தாராளமாக ஊற்றினேன்.

மெஷின் இம்மிகூட ஆடவில்லை. வீடுதான் ஆடிப்போனது.

காய்ந்த கம்பளியை முகர்ந்து பார்த்தது மேனேஜர். பருத்த சாம்பல் பூனை. எங்கள் வீட்டில் எதற்கும் அதன் ஒப்புதல் வேண்டும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அலமாரியின் உச்சிக்கு ஏறிக்கொண்டது. இன்னொன்று, அரைக்காது, சமையல் மேடைக்குக் கீழே ஒரு இடுக்கில் புகுந்துகொண்டது. வைத்த தீனி வைத்தபடி கிடந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடித்து மாலையில் வந்த மனைவி, டார்ச்சோடு தரையில் படுத்து இடுக்கைப் பார்த்தாள்.

"என்னத்தைத் துவைச்சீங்க?"

"மெஷினை டெஸ்ட் பண்ணேன்."

"நான் அதைக் கேக்கல."

இந்த வீட்டை அவள் பார்க்காமலே முடிவு செய்தவன் நான். அன்றைக்கு அவளுக்கு இரவு டியூட்டி, வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார், தலையை ஆட்டிவிட்டேன். அதிலிருந்து, வீடு பிடித்திருக்கிறதா என்று எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும், "பூனைங்களுக்கு செட் ஆவுதான்னு பாப்போம்" என்பாள். பழைய வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை என்பதையும் பேச்சுவாக்கில் சொல்லி வைத்திருந்தாள்.

பூனைகளைப் பார்க்கும் டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அதுங்களுக்கு இது யாரோ வீடு சார். தெரிஞ்ச வாசனை அந்தத் துணியிலதான் இருந்திருக்கும். துவைக்காதது ஏதாச்சும் இருக்கா?"

"எல்லாத்தையும் துவைச்சுட்டேன் டாக்டர்."

"நல்ல மெஷின் போல," என்றார்.

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து பெட்டி தூக்குன சட்டைதானே இது? வாசப்படியில நின்னாலே தெரியுது. கழட்டுங்க."

என் உழைப்பின் வாசத்துக்கு முதல்முறையாக மரியாதை. கழற்றி இடுக்கின் முன்னால் விரித்துவிட்டு, வெற்றுடம்போடு சுவரில் சாய்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து ஒரு மூக்கு வெளியே வந்தது. பின்னாலேயே அரைக்காது. சட்டையைச் சுற்றி வந்து, அக்குள் பக்கமாகப் பார்த்து முகத்தைப் புதைத்துப் படுத்துக்கொண்டது. மேலே இருந்து தொம்மென்று ஒரு சத்தம். மேனேஜர் இறங்கி வந்து, அரைக்காதைத் தள்ளிவிட்டு, சட்டைக் காலரை இரண்டு கையாலும் மாவு பிசைவதுபோல் பிசைய ஆரம்பித்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

"இவ்வளவு நாத்தத்துக்கு இவ்வளவு பாசமா," என்று மனைவி சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. இந்த நேரத்தை விட்டால் பிடிக்க முடியாது.

"இப்பச் சொல்லு. வீடு பிடிச்சிருக்கா? பூனையை இழுக்காம சொல்லு."

அவள் மேனேஜரின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"பிடிக்கல. சமையல்கட்டு இருட்டு. பாத்ரூம் கதவு முட்டியில இடிக்குது. என்னை ஒரு வார்த்தை கேக்காம முடிவு பண்ணீங்க பாருங்க, அது சுத்தமாப் பிடிக்கல. அடுத்த வீட்டை நான் பாக்கறேன். அதுவரைக்கும் இங்கயே இருப்போம்."